வேனில் குறிஞ்சி

எங்கள் துறை மாணவர்களின் கொடைக்கானல் சுற்றுலாவுக்கு இவ்வாண்டும் இசைவு கிடைக்கவில்லை. விண்ணப்பக் கடிதம் ஓரத்தில் பச்சை மையில் ‘தற்போது வேண்டாம்’ என்ற இரண்டு சொற்களைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தது. காரணம் கேட்கப் போனேன். “அந்தக் குகைப் படத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?” என்றார்கள். எழுந்து வரும்போது இன்னொன்றும் காதில் விழுந்தது. “அப்படி அங்கே போய் என்னத்தைத்தான் பார்த்துவிடுகிறார்கள்?”

முதல் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கிறது. இரண்டாவதுதான் வீடுவரை என்னுடன் வந்தது. கல்லூரிகள் வழக்கமாக மாணவர்களை மலைக்கு இட்டுச்செல்லும் முறையை நினைத்தால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதே எனக்கு உறுத்தல்.

2017 ஏப்ரலில் நான் பொறுப்பேற்று நடத்திய முதல் சுற்றுலாவைச் சொல்கிறேன். இரண்டு வேன்கள், முப்பத்தெட்டு மாணவர்கள். ராமநாதபுரத்துப் பக்கத்துப் பிள்ளைகள். பாதிப்பேர் மலை என்று ஒன்றைப் பேருந்துச் சன்னல் வழியாகக்கூடக் கண்டதில்லை. இரவு பத்து மணிக்குப் புறப்பட்டோம். வத்தலக்குண்டைக் கடக்கையில் மணி இரண்டரை இருக்கும். 1872இல் ராஜம் ஐயர் பிறந்த ஊர். ‘மணிக்கொடி’ பி.எஸ். ராமையாவின் ஊர். சி.சு. செல்லப்பா வளர்ந்த ஊர். கமலாம்பாள் சரித்திரமும் ‘எழுத்து’ இதழும் வாடிவாசலும் ஏதோ ஒரு வகையில் அந்தத் தெருக்களிலிருந்து கிளம்பியவை. தமிழ் இலக்கிய மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் விழித்திருந்தேன். எழுப்பவில்லை. எழுப்பியிருந்தாலும் பூட்டிய கடைகளும் ஒரு குழல்விளக்கும்தான் தெரிந்திருக்கும்.

விடிகையில் வெள்ளி அருவி. அதன்பின் நாள் முழுக்க ஓட்டுநரே ஆசிரியர். சட்டைப்பையில் அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக், பைன் காடு, குணா குகை, தூண் பாறை, மோயர் முனை, பசுமைப் பள்ளத்தாக்கு, குறிஞ்சி ஆண்டவர் கோவில். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். இறங்கினார்கள், கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், அவித்த சோளம் வாங்கினார்கள், ஏறினார்கள். தூண் பாறையில் அன்று பனிமூட்டம். ஒன்றுமே தெரியவில்லை. பத்து நிமிடம் பொறுத்தால் விலகும் என்று பழம் விற்ற அம்மாள் சொன்னார். “அதுக்கெல்லாம் நேரமில்லைங்க” என்று ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். அவர் சொல்லுக்குத்தான் நானும் தலையசைத்தேன். இரவு எட்டு மணிக்கு அறைகளுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினோம். வெளியே போகக்கூடாது.

அந்த இரவில் ஒரு மாணவன் கதவிடுக்கின் வழியாகக் கேட்டான். “ஐயா, குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம் என்றுதானே எழுதச் சொன்னீர்கள்? யாமத்தில் பூட்டி வைக்கிறீர்களே?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

பத்து மதிப்பெண் வினா அது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். மலையும் மலைசார்ந்த இடமும். பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். தொல்காப்பியர் குறிஞ்சிக்கு வகுத்த பொழுதுகள் ஐப்பசி முதல் தை வரையிலான குளிர் மாதங்கள். நாங்கள் அவர்களை அழைத்துப்போனது பங்குனி வெயிலில், பட்டப்பகலில், சன்னல் மூடிய வண்டிக்குள். வேனில் குறிஞ்சி! இத்தலைப்பைச் சிலேடை என்று கொள்வோர் கொள்ளலாம். திணை மயக்கம் என்று சொல்லித் தப்பிக்கவும் இலக்கணத்தில் இடமுண்டு.

இனி அந்தப் பட்டியலைப் பார்ப்போம். 1821இல் நில அளவைக்காக வார்டு என்ற படை அதிகாரி ஏறிவந்தார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரியார்கள், சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி இங்கே வீடு கட்டினார்கள். 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரி ஆக்கினார். 1872இல் கோக்கர் நடைபாதை போட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரையண்ட் பைன் மரங்களை நட்டார். ஊரேங்கி வந்த வெள்ளையர்கள் தங்கள் ஊரை நினைத்துச் செய்துவைத்த சாயல்களே நம் பிள்ளைகள் முதல் நாளில் ஓடி ஓடிப் பார்ப்பவற்றில் பெரும்பகுதி. அவற்றை நான் இகழவில்லை. ஏரி ஏரிதான். அதன்மேல் மேகம் இறங்கும்போது அது யார் கட்டியது என்று எவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தத் துரைமார்களையும் துரைசானிகளையும் பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து நாற்காலியில் வைத்துச் செங்குத்தான பாதையில் தோளில் சுமந்து வந்தவர்களின் பெயரில் அந்த மலையில் ஒரு முனையும் இல்லை. பைன் காட்டில் இறங்கிப் படம் எடுக்கும் எவரும், அதற்குமுன் அங்கே இருந்திருக்கக்கூடிய சோலைக்காட்டின் மிச்சத்தைச் சாலையோரத்தில் கண்டு வண்டியை நிறுத்துவதில்லை. சோலைக்காடு பார்வைக்கு எடுப்பானதன்று. குட்டையான, முறுக்கிய, பாசி போர்த்திய மரங்கள். அதற்கென்று ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது.

ஊரின் பெயரும் இப்படித்தான் இருக்கிறது. பேருந்தில் கொடைக்கானல், பழைய புத்தகங்களில் கோடைக்கானல். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் பாடிய கடிய நெடுவேட்டுவன் கோடை மலைக்குத் தலைவன். அந்தக் கோடை இந்த மலையே என்பர் அறிஞர். ‘கொடை’யோ ‘கோடை’யோ, வகுப்பில் அரைமணி நேரம் விவாதிக்கலாம். வண்டியில் போகும்போது விவாதிக்க முடியாது. வளைவுகளில் பாதிப்பேருக்கு வாந்தி.

நான் சொல்ல வருவது எளிய ஒன்று. மலைக்கு வரும் மாணவனின் முதல் நாளை அவனிடமும் அவன் நண்பர்களிடமும் விட்டுவிட வேண்டும். அதுவும் கால்நடையாக. பட்டியல் வேண்டுமானால் மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு எனக்குச் சான்று கபிலர். குறிஞ்சிப்பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது என்று அடிக்குறிப்பைச் சொல்லிவிட்டு, தொண்ணூற்றொன்பது பூக்களையும் ஒப்பிக்கச் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வெளியூரிலிருந்து வந்த ஒரு மாணவனுக்குத் தமிழ் என்றால் என்ன என்று காட்ட வேண்டிய நெருக்கடி அந்த ஆசிரியருக்கு. இலக்கணம் சொல்லியிருக்கலாம், அரசர் வரிசை சொல்லியிருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டது மலையில் தோழியரோடு கழிந்த ஒரு பகற்பொழுது. தினைக்காவலுக்குப் போன பெண்கள் கிளி ஓட்டுகிறார்கள், அருவியில் ஆடுகிறார்கள், கண் சிவக்கச் சிவக்க நனைகிறார்கள், பூக்களைப் பறித்துப் பாறைமேல் குவிக்கிறார்கள். அங்கும் பட்டியல் உண்டுதான். ஆனால் அது கையால் பறித்த பட்டியல். ஆபத்தும் வருகிறது. வேட்டை நாய்கள் சூழ்கின்றன, மதயானை எதிர்ப்படுகிறது. இவ்வளவையும் சொல்பவள் தோழி. கேட்பவள் செவிலித்தாய். அதாவது, வெளியே போய்வந்த பெண்ணுக்காக அவள் கூட்டாளி வீட்டில் வந்து சமாதானம் சொல்கிறாள். 261 அடி நீளமான சமாதானம். பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கேட்கும் நமது அலுவலகங்கள் இதனைப் படிக்கலாம்.

கபிலருக்குப் பறம்பு மலையே சொந்தம் என்றாலும், பழனி மலைத்தொடரின் தலைவனாகிய பேகனையும் பாடியவர் அவர். இந்த மலையும் அவர் அறிந்ததாக இருக்கும் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கொரு மகிழ்ச்சி.

2024 ஜனவரியில், தை மாதத்துக் குளிரில், மறுபடி போனோம். இம்முறை சில மாற்றங்களைச் செய்திருந்தேன். பின்னிரவில் கிளம்பி வத்தலக்குண்டில் காலை ஏழு மணிக்கு இறங்கி இட்லி சாப்பிட்டோம். ராஜம் ஐயர் எந்தத் தெரு என்று இரண்டு மாணவிகள் கடைக்காரரிடம் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. செல்லப்பாவைத் தெரிந்திருந்தது. ‘வாடிவாசல்’ படமாகப் போகிறதென்று செய்தி வந்திருந்ததல்லவா, அதனால். சினிமா சில வேளைகளில் நமக்கும் உதவுகிறது.

மலையேறி அறைகளில் மூட்டைகளை வைத்ததும் நந்நான்கு பேராகப் பிரித்தேன். யார் யாரோடு என்பது அவர்கள் விருப்பம். மூன்று கட்டளைகள் மட்டும். வேலி தாண்டக்கூடாது, நீரில் இறங்கக்கூடாது, மாலை ஆறு மணிக்குப் படகுத்துறையில் நிற்க வேண்டும். வண்டி கிடையாது. “எங்கே போவது ஐயா?” என்றார்கள். “எனக்குத் தெரியாது” என்றேன். அந்தப் பதிலைச் சொல்ல ஒரு தமிழாசிரியன் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது சக ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆறு மணிவரை நான் ஏரிக்கரையில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

எல்லாக் குழுக்களும் அற்புதங்களோடு திரும்பி வந்தன என்று எழுத ஆசைதான். ஒரு குழு பேருந்து நிலையத்துக்கு அருகே ரொட்டியும் ஆம்லெட்டும் தின்றபடி நாளை ஓட்டிவிட்டது. இன்னொன்று செல்பேசிக்குச் சிக்னல் தேடியே களைத்தது. அதுவும் இருக்கட்டும்.

கோக்கர்ஸ் வாக்கில் நின்றிருந்த நால்வரைப் பனி சூழ்ந்துகொண்டது. கைநீட்டும் தூரத்தில் இருந்த தோழியை ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். குரல் வந்தது, ஆள் தெரியவில்லை. இரவுக்குறியில் தலைவியும் தோழியும் ஏன் ஓயாமல் ஓசைகளைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நான் இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தது, அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. கடலோரத்து மீனவ வீட்டுப் பையன் ஒருவன் பனியை நக்கிப் பார்த்தானாம். “உப்பில்லாத கடல்காத்துங்கய்யா” என்றான். நெய்தலிலிருந்து குறிஞ்சிக்கு இப்படியொரு வழி இருப்பதை எந்த உரையாசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

வான் ஆய்வகம்வரை ஏறிச்சென்ற குழு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பிருக்குமா என்ற ஐயத்தில் எழுந்த யோசனை, 1899இல் அங்கே நிலையமானது. 1909இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டதும் அங்கேதான். “பனி மூடுற ஊருல உக்காந்து சூரியனைப் பாத்திருக்காங்க” என்று ஒருத்தி வியந்தாள். தாது வருடத்துப் பஞ்சம் என்று தன் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறாளாம். வறண்ட எங்கள் மாவட்டத்துப் பெண்ணுக்குப் பஞ்சத்தின் வழியாக ஒரு மலை அறிமுகமானது. பட்டியலில் ‘அப்சர்வேட்டரி’ என்று இருபது நிமிடத்துக்கு எழுதியிருந்தால் அவள் சூரியனின் படத்தோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருப்பாள்.

மூஞ்சிக்கல்லில் தேநீர் குடிக்க ஒதுங்கிய குழு கொண்டுவந்ததுதான் என்னைக் கலங்கவைத்தது. கடையில் இருந்த பெரியவர் தமக்குத் தெரிந்தவர்கள் தெர்மாமீட்டர் ஆலையில் வேலை செய்ததைச் சொல்லியிருக்கிறார். 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆலை. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு அதே மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளிப்பட்டு, 2001இல் மூடப்பட்டது. 591 தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு கண்டது 2016இல். பதினைந்து ஆண்டுகள். பிள்ளைகள் செயின்ட் மேரிஸ் சாலைவழியே நடந்துபோய் அந்த மதிலையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். “மதிலுக்குப் பின்னாடி சோலைக்காடுங்கய்யா. அதுக்குள்ளயும் இறங்கியிருக்குமாம்” என்றான் ஒருவன். தூய காற்றுக்காக வந்த ஊரில் நஞ்சைப் பற்றிக் கேட்டு வந்ததில் அவர்கள் உற்சாகம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஏரிக்கரை மேடையில் நெடுநேரம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இரவு ஒன்பது மணிக்கு எல்லாரையும் அழைத்துக்கொண்டு ஏரிச்சாலையில் நடந்தேன். யாமம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் குளிர் எலும்பைத் தொட்டது. யாரும் பேசவில்லை.

அடுத்த மாதமே ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வெளியாயிற்று. கொச்சிக்கு அருகிலுள்ள மஞ்ஞும்மலிலிருந்து 2006இல் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் குகைப் பிளவுக்குள் விழுந்த உண்மைக் கதை. வெள்ளையர்கள் சாத்தானின் சமையலறை என்று அழைத்த அந்த இடத்துக்கு 1991இல் வந்த ‘குணா’ படத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது இரண்டாவது படத்தால் கூட்டம் இன்னும் பெருகிவிட்டது. நிருவாகங்கள் அஞ்சத் தொடங்கியதும் அப்போதுதான்.

அந்த அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். அந்த இளைஞர்கள் தடுப்பைத் தாண்டித்தான் போனார்கள். ஆனால் படத்தை முழுக்கப் பார்த்தவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விழுந்தவனைக் கயிறு கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கிவந்தவன் அதிகாரி அல்லன், நண்பன். அந்தக் குழு கலைந்து போகாமல் மழையில் அங்கேயே நின்றதால்தான் ஓருயிர் மீண்டது. இதிலிருந்து ‘நண்பர்களாகச் சேர்ந்து போகக்கூடாது’ என்ற முடிவுக்கு எப்படி வருகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. வேலி கட்டுவதும் எச்சரிப்பதும் சரி. நந்நான்கு பேராக அனுப்பியதும் அதற்காகத்தான். இருபது நிமிடத்தில் திரும்ப வேண்டுமென்ற பதற்றத்தில்தான் பிள்ளைகள் குறுக்குவழி தேடி வேலி தாண்டுகிறார்கள் என்பது என் அனுபவம்.

வண்டிக்குள் வைத்திருந்தால் பாதுகாப்பு என்பதும் எப்போதும் உண்மையன்று. 2000 பிப்ரவரி 2ஆம் நாள், கொடைக்கானல் விடுதி ஒன்றின் கட்டட அனுமதி தொடர்பான வழக்கில் தீர்ப்பு வந்தது. அதன் பேரில் தருமபுரியில் கலவரக்காரர்கள் எரித்த பேருந்தில், கல்விச் சுற்றுலா சென்று திரும்பிய கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் மாண்டனர். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்கள் எந்த வேலியையும் தாண்டியவர்கள் அல்லர். கல்லூரிப் பேருந்துக்குள், ஆசிரியர்களோடு இருந்தவர்கள். அதன்பின் எத்தனையோ வீடுகளில் பெண்பிள்ளைகளின் சுற்றுலா நின்றுபோயிற்று. எரித்தவர்களின் பயணங்கள் நின்றனவா என்று நான் கேள்விப்படவில்லை.

சுற்றுலா வேண்டாம் என்று ஒரு கோட்டைக் கிழிக்கும்போது யார் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பையன்கள் நிற்பதில்லை. விடுமுறையில் மோட்டார் சைக்கிள்களில் கிளம்பிவிடுகிறார்கள். கல்லூரியின் பெயரில், ஆசிரியர் பொறுப்பில் என்றால்தான் வீட்டில் விடுவார்கள் என்றிருக்கும் பெண்களுக்கே அந்தக் கடிதம் ஒரே வழி. 2024இல் வந்த முப்பத்தாறு பேரில் இருபத்தொரு பேர் பெண்கள். ஒருத்தியின் தாய் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “கல்யாணத்துக்குப் பெறகு எங்கங்கய்யா போகப்போறா, போய்ட்டு வரட்டும்” என்றார். அந்தச் சொல்லில் இருந்த பெருந்தன்மையும் துயரமும் எதுவெது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. பனிக்குள் தோழியைக் கூப்பிட்டவள் அவள்தான்.

குறிஞ்சி ஆண்டவர் கோவிலுக்கு மறுநாள் போனோம். பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்ட வெள்ளைக்காரப் பெண்மணி 1936இல் எழுப்பிய கோவில். அங்கிருந்த புதர்களைக் காட்டி இதுதான் குறிஞ்சி என்றேன். பூ இல்லாத செடியை அவர்கள் மரியாதைக்குப் பார்த்துவைத்தார்கள். 2018இல் பூத்தது, இனி 2030. விரலை மடக்கித் தங்கள் வயதைக் கணக்குப் பார்த்தார்கள்.

நேற்று மறுபடியும் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தை மாதம், இரண்டு இரவு, முதல் நாள் கால்நடை, நந்நான்கு பேர். 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு இ-பாஸ் வேண்டும், அதனையும் நானே எடுத்துவிடுகிறேன் என்று குறிப்பிட்டிருக்கிறேன். ‘பார்வையிட இருக்கும் இடங்கள்’ என்றொரு கட்டம் படிவத்தில் இருக்கிறது. அதை நிரப்பாமல் கொடுத்தேன். நிரப்பிக் கொண்டுவரச் சொல்லி இன்று மதியம் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வத்தலக்குண்டு என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.